கப்பி மீனுக்குக் ‘களவு’ பொருந்துமா?

வணக்கம்.

கப்பி என்னும் சின்னத் தொட்டி மீனின் கூடல் பற்றி எழுத ஐயா ஒருவர் பரிந்துரைத்த கலைச்சொற்களுக்கு இது என் பதில். முதல் சொல்லில் எனக்குச் சண்டை இல்லை, சின்னத் திருத்தம் மட்டும். ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடுவதற்கு ஐயா தந்தது ‘ஈர்நிறமை’. ‘ஈர்’ உயிரெழுத்துக்கு முன்புதான் வரும். ஈருருமை (இரண்டு உருவம் இருத்தல்) சரி, இங்கே ‘இருநிறமை’ என்றாக வேண்டும். அப்படி எழுதினால் ஒரே மீனில் இரண்டு நிறம் என்று படித்துவிடுவார்கள். ‘பால்நிற வேறுபாடு’ போதுமே.

பெண்ணின் விருப்பம் பாராமல் ஆண் கூடுவதற்கு அவர் தந்த ‘களவுப் புணர்ச்சி’தான் உறுத்துகிறது. என் தொட்டியில் நாலு ஆண் கப்பி, ஆறு பெண். ஆண், பெண்ணின் முன்னால் வந்து உடலை ‘எஸ்’ போல வளைத்து நடுங்கிக் காட்டும், ஆரஞ்சுப் பொட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி. பிடித்திருந்தால் பெண் மெல்ல அதன் பக்கம் நகரும். இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். இதை ‘வளைவாட்டம்’ என்று எழுதி வருகிறேன். அப்புறம் அதே ஆண், பெண் இரை பொறுக்கும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து அடிவழியாக வந்து, வயிற்றடியில் கம்பி போல நீண்ட துடுப்பை முன்னோக்கித் திருப்பி ஒரு குத்து. ஆட்டமும் இல்லை, சம்மதமும் இல்லை.

இதற்குப் போய்க் களவா? அகத்திணையில் களவு என்பது திருமணத்துக்கு முந்தைய மறைவான காதல், அது ஊருக்குத்தான் தெரியாது. தலைவிக்குத் தெரியும், அவளும் விரும்பியதே. நமக்கு வேண்டியது பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில் கிடக்கிறது. தொல்காப்பியம் அங்கே ‘மிக்க காமத்து மிடல்’ என்கிறது. மிடல் என்றால் வலிமை. ‘மிடல் கூடல்’ எனலாம். சேர்த்து ‘மிடற்கூடல்’ என்றால் மிடறு, தொண்டை என்று எங்கோ போய்விடும், பிரித்தே எழுதுவோம்.

ஆட்டம் காட்டாமல் ஒளிந்து வந்தே கூடுகிற ஆணுக்கு ‘பதுங்கு ஆண்’ என்ற பரிந்துரையும் கப்பிக்கு ஒத்துவராது. ஒரே ஆண் இரண்டையும் செய்கிறதே. கப்பி வாழும் கரீபியத் தீவு டிரினிடாட்டின் ஓடைகளில் கிரெனிசிக்லா போன்ற கொன்றுண்ணி மீன்கள் இருக்கும் பகுதியில் ஆண்களின் நிறம் மங்கல். வளைவாட்டம் குறைந்து மிடல் கூடல் அதிகமாகிறது. உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1976-இல் அப்படிப்பட்ட இடத்துக் கப்பிகளை ஆபத்து குறைந்த ஓடைக்கு மாற்றினார். இரண்டே ஆண்டுக்குள் பொட்டுகள் பெருத்துவிட்டன. மெக்சிகோவின் நைகிரென்சிஸ் வாள்வால் மீனுக்கு வேண்டுமானால் ‘பதுங்கு ஆண்’ செல்லும். அங்கே ஆணின் உடல் அளவை ஒய் குரோமோசோம் முடிவு செய்கிறது, பொடி ஆண்கள் பெரும்பாலும் துரத்தித்தான் கூடுகின்றன.

‘மிடல்’ யாருக்குப் புரியும் என்பீர்கள். நான் மீன் வாங்கும் கடைப் பையன் இதைத் ‘திருட்டு முட்டு’ என்கிறான். அதைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற யாருக்காவது துணிவு இருந்தால், மிடலை இப்போதே திரும்பப் பெறுகிறேன்.