3டி ட்ராஃபிக் டிஸ்ப்ளே: உயர வித்தியாசம் தெரிய மாட்டேன் என்கிறது

வான்தடம்:
சிமுலேட்டர் காக்பிட்டுக்கு 3டி ட்ராஃபிக் டிஸ்ப்ளே (சுற்றிலும் பறக்கும் விமானங்களைக் காட்டும் திரை) செய்கிறேன். கேமரா நம் விமானத்துக்குப் பின்னால், 30 டிகிரி மேலிருந்து பார்க்கிறது. 10 செ.மீ. திரையில் 40 நாட்டிகல் மைல். 1,000 அடி மேலே போகிற விமானம்கூட நம் மட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு தெரிகிறது. உயரத்தைப் 10 மடங்காக்கினால் பிரிந்து தெரிகிறது; ஆனால் எது கிட்டே, எது தூரத்தில் என்று குழம்புகிறது. வழி உண்டா?

செங்குத்து:
உங்கள் அளவில் 1 மி.மீ. என்பது சுமார் 2,430 அடி. 1,000 அடி 0.4 மி.மீ.தான், கண்ணுக்கு எப்படித் தெரியும்? பெருக்காமல் முடியாது. குழப்பத்துக்குக் காரணம் கேமரா கோணம். 30 டிகிரியில், 10 மடங்கில், ஒரு விமானம் நேர் முன்னே 1 நாட்டிகல் மைல் தள்ளிப் போனாலும் 350 அடி மேலே ஏறினாலும் திரையில் ஒரே அளவுதான் நகரும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அதனால் கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரி ஒவ்வொரு விமானத்திலிருந்தும் ஒரு செங்குத்துக் கோடு விடுங்கள். தரைவரை வேண்டாம், 35,000 அடியில் அது 12 செ.மீ.க்கு மேல் ஓடித் திரையைத் தாண்டிவிடும். நம் உயரத்தில் ஒரு கட்டத் தளம் வரைந்து, கோடு அதைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். தூரத்தைப் புள்ளி சொல்லும், உயரத்தைக் கோட்டின் நீளம் சொல்லும். கோட்டில் 1,000 அடிக்கு ஒரு குறி போதும். கீழே இருப்பவற்றுக்குக் கோடு மேல்நோக்கி வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

கடைசிவரிசை:
இன்னும் மூன்று இடத்தில் இடிக்கும்.

ஏடிஎஸ்-பியில் (விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் முறை) வரும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அடிப்படையிலான அழுத்த உயரம். நம் விமானத்துக்கு ஜிபிஎஸ் உயரத்தையோ க்யூஎன்எச் (அந்த இடத்தின் கடல்மட்ட அழுத்தம்) வைத்த உயரத்தையோ எடுத்தால், அழுத்தம் அந்த 1013.25இலிருந்து 20 ஹெக்டோபாஸ்கல் மாறும் நாளில் 500 அடிக்கு மேல் பொய் சொல்லும். இரண்டு பக்கமும் அழுத்த உயரமாகவே இருக்கட்டும்.

விமானம் 60 விநாடியில் எங்கே இருக்கும் என்று காட்டும் முன்கணிப்புக் கோடு, 480 நாட் (மணிக்கு 480 நாட்டிகல் மைல்) வேகத்தில் 8 மைல் நீளும். ஆனால் வேகம், திசை, ஏறுவிகிதம் வருகிறதே தவிர திரும்பும் வேகம் வருவதில்லை. 25 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானம் ஒரு நிமிடத்தில் 60 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். உங்கள் கோடு நேராகவே நிற்கும். அடுத்தடுத்து வரும் திசைகளிலிருந்து திருப்பத்தைக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் கோட்டை 30 விநாடியோடு நிறுத்துங்கள்.

டிகாஸ் (விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் கருவி) மட்டும் காணும் விமானங்கள் நம்மிடமிருந்து எந்தத் திசையில் இருக்கின்றன என்பது துல்லியமில்லை. 20 மைலில் 5 டிகிரி பிசகினால் 1.7 மைல் தள்ளி நிற்கும். அவற்றுக்கு வேறு குறி போடுங்கள்.

வான்தடம்:
கோடும் தளமும் போட்டுப் பார்த்தேன், பிரமாதம். ஆனால் 3 டிகிரியில் இறங்கும் விமானம் தலைகீழாகப் பாய்வதுபோல் இருக்கிறது!

செங்குத்து:
10 மடங்கில் 3 டிகிரி 28 டிகிரியாகத்தான் தெரியும். விமான உருவத்தைக் கிடையாகவே வையுங்கள், சாய்க்க வேண்டாம். ஏறுவதையும் இறங்குவதையும் அம்புக்குறி காட்டட்டும். டிகாஸில் நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் என்றால் அம்பு வரும், அதையே பின்பற்றுங்கள். பக்கத்தில் +10, -05 என்ற எண்களையும் (நம்மைவிட 1,000 அடி மேலே, 500 அடி கீழே) எடுத்துவிடாதீர்கள்.

நேர்கோடு:
1987இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் செய்த ஆய்வில், இத்தகைய கோணப் பார்வை கிடைத்த விமானிகள் உயரத்தை மாற்றி விலகும் முடிவை அதிகம் எடுத்தார்கள். நிலைமையைச் சட்டென்று பிடிக்க 3டி நல்லதுதான். இடைவெளியை அளக்க என்றால், மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும்தான் என் தேர்வு. ஒரு பட்டனில் மாறுகிற மாதிரி வையுங்கள். மஞ்சளையும் சிவப்பையும் டிகாஸ் எச்சரிக்கைக்கே விட்டுவிடுங்கள். தூரத்தைக் காட்ட அந்த நிறங்களைத் தொடவே கூடாது.