மெஷ்ஷைச் சின்னதாக்கினால் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது, இதை ஆராய்ச்சியாக எடுக்கலாமா?

வெள்ளவத்தை சிவில்
கம்பஸ் முடித்து இரண்டு வருசம், கொழும்பில் ஒரு டிசைன் ஒபிஸில் வேலை. போன மாதம் லிப்ட் சுவரில், கதவு வாசலின் மேல்மூலையில் ஈடாப்ஸ் என்ற கட்டிடக் கணக்கு மென்பொருள் காட்டிய ஸ்ட்ரெஸ் (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) 9 மெகாபாஸ்கல். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகச் சுவரைப் பிரிக்கும் துண்டுகளின் அளவை, பாதியாக்கினேன், 12 ஆனது. திரும்பவும் பாதியாக்க 17. சேர் "அதை விடும்" என்றார், எனக்கு விட முடியவில்லை. கணிப்பு இயக்கவியலில், அதாவது விசையையும் அசைவையும் கம்ப்யூட்டரில் கணக்கிடும் துறையில், பிஎச்டி செய்ய ஆசை. ஆனால் வீட்டில் அப்பா கேட்கிறார், ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுக்க கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து அப்படி என்னதான் செய்வார் என்று. என்ன சொல்வது?

பழைய மொறட்டுவை
தம்பி, அப்பாவுக்கு ரே கிளஃபின் கதையைச் சொல்லும். கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் பேராசிரியர், 1952 கோடை விடுமுறையில் போயிங்குக்கு வேலைக்குப் போனார். முக்கோண வடிவ விமான இறக்கை எப்படி அதிரும் என்று கணக்கிடச் சொன்னார்கள், இறக்கையை பீம்களாகப் பிரித்துப் பார்த்தார், சோதனையோடு ஒத்துவரவில்லை. அடுத்த கோடையில் மேலதிகாரி ஜோன் டேர்னர் சொன்னபடி தகட்டை முக்கோணத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்த பிறகுதான் சரிவந்தது. அது 1956இல் கட்டுரையாக வந்தது, இப்படித் துண்டு துண்டாகக் கணக்கிடும் முறைக்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' (ஒவ்வொரு துண்டும் ஓர் எலிமெண்ட்) என்ற பெயரை அவர் வைத்தது 1960இல். அப்புறம் ஆர்கன்சாவில் நோர்ஃபோர்க் அணையில் நிலைக்குத்தாக ஒரு வெடிப்பு, அதையும் மாணவர் எட் வில்சனோடு இதே முறையில் கணக்கிட்டார். அந்த வில்சன்தான் 1970இல் கட்டமைப்புகளைக் கணக்கிடும் சாப் என்ற புரோகிராமை வெளியிட்டவர், நீர் பாவிக்கிற ஈடாப்ஸுக்கும் வேர் அந்த பேர்க்லிதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று: முறை உலகமெல்லாம் பரவிய நேரத்தில் கிளஃப் பூகம்பப் பக்கம் திரும்பி, அதிர்வு மேசையில் உண்மையான மொடல்களை ஆட்டிப் பார்க்கப் போனார்.

கம்பி கணக்கு
உங்கள் மூலைக்கு வருகிறேன். பொருள் வெடிக்காமல் சுமைக்கு ஏற்ற விகிதத்தில் மட்டுமே வளையும் என்று கொள்ளும் லீனியர் இலாஸ்டிக் கணக்கில் கூரான உள்மூலையில் ஸ்ட்ரெஸ் முடிவிலிக்குப் போகும், எவ்வளவு சின்ன மெஷ் போட்டாலும் நிற்காது. உண்மையில் அங்கே கொங்கிரீட் வெடித்து, கம்பி சுமையை வாங்கும், அதற்குத்தானே மூலையில் சாய்வுக் கம்பி வைக்கிறோம். டிசைனுக்கு அந்தப் புள்ளியை விட்டுவிட்டு வெட்டுமுகத்தின் மொத்த விசையை எடுங்கள். ஆனால் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டீர்களானால் அது முழு ஆராய்ச்சி. வெடிப்பு நகரும்போதெல்லாம் மெஷ்ஷைப் புதிதாகப் போடும் தொல்லையைத் தீர்க்க, அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் டெட் பெலிச்கோ குழு 1999இல் ஒரு வழி கண்டது, வெடிப்பை எலிமெண்டின் உள்ளேயே ஓட விடுவது.

வெள்ளவத்தை சிவில்
நன்றி அண்ணா. இன்றிரவு பைத்தனில் ஒரு முக்கோண எலிமெண்டை நானே எழுதி அதே வாசலைப் போட்டுப் பார்க்கிறேன், அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு.