சாயத்தொட்டி நீராவிக் குழாய்க்கு எந்த வால்வு?

சாயப்பட்டறை மேற்பார்வையாளர்:
7 பார் அழுத்த நீராவி, இரண்டு அங்குலக் குழாய். கேட் வால்வை (தகடு ஏறி இறங்கித் திறக்கும் வால்வு) பாதி திறந்துதான் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்துகிறோம். இப்போது முழுக்க மூடினாலும் கசிகிறது. பால் வால்வு (துளையிட்ட உருண்டை திரும்பும் வால்வு) போடலாமா?

பாய்லர்காரர்:
கேட் வால்வு என்றால் முழுக்கத் திற, இல்லையேல் முழுக்க மூடு. பாதியில் நிறுத்தினால் ஈர நீராவி சீறிப் பாய்ந்து சீட்டை, அதாவது தகடு அமர்ந்து மூடும் இடத்தை, அரித்துவிடும். கழற்றிப் பாருங்கள், கம்பியால் கீறியதுபோல் கோடு தெரியும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்ற குளோப் வால்வு வாங்குங்கள். 7 பாரில் சூடு ஏறத்தாழ 170 டிகிரி. அந்தச் சூட்டுக்குச் சாதாரண டெஃப்லான் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சீட் வைத்த பால் வால்வை நான் நம்பமாட்டேன்.

சாயப்பட்டறை மேற்பார்வையாளர்:
குளோப் வால்வில் அழுத்தம் குறையுமே ஐயா?

பாய்லர்காரர்:
குறையட்டுமே, அதற்காகத்தானே பாதி மூடி வைத்திருந்தீர்கள்! வால்வின் மேலுள்ள அம்புக்குறி நீராவி போகும் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள்.

குழாய்ப் பொருத்துநர்:
படுக்கைக் குழாய் என்றால் வால்வின் கைப்பிடித் தண்டு பக்கவாட்டில் இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கும்.