மழையே ஓயாத கிரகம், பூட்டிவைக்கப்பட்ட சிறுமி: இது எந்தக் கதை?

கேள்வி:
பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆங்கிலத்தில் படித்த ஓர் அறிவியல் சிறுகதையை ரொம்ப வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்துக்கு அட்டையே இல்லை, அதனால் தொகுப்பின் பெயரும் தெரியாது. வேறொரு கிரகம், அங்கே வருடக்கணக்காக மழை விடவே விடாது, ஒரே ஒரு நாள் கொஞ்ச நேரம் வெயில் வரப்போகிறது என்று ஒரு வகுப்பே ஜன்னலோரம் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமியை மற்ற பிள்ளைகள் அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள், வெயிலும் வந்து போய்விடும். அவள் பெயர் 'மார்' என்று ஆரம்பிக்கும். பாடம் நடத்துவது ஓர் இயந்திரம், அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடைசியில் கதவைத் திறந்து, பறித்து வந்த பூக்களை அவளிடம் கொடுப்பார்கள். படித்த அன்று யாரோடும் பேசத் தோன்றவில்லை எனக்கு. இப்போது என் மகளுக்கு அதே வயது, அவளுக்குப் படித்துக் காட்ட ஆசை.

பதில் 1:
மழை என்றதும் ரே பிராட்பரியின் 'தி லாங் ரெய்ன்' (1950) ஞாபகம் வந்தது. வெள்ளி கிரகத்தில் விண்கலம் நொறுங்கி, தப்பித்தவர்கள் கொட்டும் மழையில் சூரியக் கூடாரம் ஒன்றைத் தேடி நடப்பார்கள். ஆனால் அதில் குழந்தைகளும் இல்லை, பள்ளியும் இல்லை.

பதில் 2:
ஆசிரியர் சரி, கதைதான் வேறு. நீங்கள் தேடுவது அவருடைய 'ஆல் சம்மர் இன் எ டே'. 'மேகசின் ஆஃப் ஃபேண்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் 1954 மார்ச்சில் வந்தது. இதுவும் வெள்ளி கிரகம்தான். ஏழு வருடத்துக்கு ஒரு தடவைதான் மழை விடும். போன தடவை வெயில் அடித்தபோது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு வயது, யாருக்கும் சூரியன் நினைவில்லை. மார்கோ மட்டும் நாலு வயதுவரை பூமியில் இருந்தவள், அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்காகவே அவளை வெறுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்கும் இடம். (உண்மையான வெள்ளியின் தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பம், அங்கே பெய்யும் அமில மழை தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். அப்போது மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, அதனால் அடைமழையும் காடும் நம்பக்கூடியதாக இருந்தன. இதெல்லாம் தெரிந்த பிறகும் கதை எனக்குக் கொஞ்சமும் பழசாகவில்லை.)

ஆனால் இயந்திர ஆசிரியர் இதில் கிடையாது. பூ கொடுக்கும் முடிவும் கிடையாது, பிள்ளைகள் மெதுவாக நடந்துபோய்க் கதவைத் திறப்பதோடு கதை நின்றுவிடும்.

கேட்டவர்:
மார்கோ! அவளேதான், மிக்க நன்றி. ஆனால் அந்த இயந்திரத்தை நான் கற்பனை செய்திருக்க முடியாது. வீட்டுப்பாடத்தை அதில் உள்ள ஒரு துவாரத்துக்குள் போடுவாள், அந்தத் துவாரத்தைப் பார்த்தாலே அவளுக்கு வெறுப்பு. இவ்வளவு தெளிவாக இருக்கிறதே?

பதில் 3:
துவாரத்தைச் சொன்னீர்களே, அதுதான் துப்பு. அது ஐசக் அசிமோவின் 'தி ஃபன் தே ஹேட்', 1951இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் வந்தது. கதை நடப்பது 2155இல், சிறுமியின் பெயர் மார்ஜி. பழைய காகிதப் புத்தகம் ஒன்று கிடைத்து, அந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து படித்தார்கள் என்று தெரிந்து ஏங்குவாள். மார்ஜி, மார்கோ, இருவருமே மற்றவர்களிடமிருந்து தள்ளி நிற்கும் பிள்ளைகள், கலந்துபோனதில் ஆச்சரியமே இல்லை. இன்னொன்று, பிராட்பரி கதை வந்த அதே இதழில் சரியாக முந்தைய மாதம், 1954 பிப்ரவரியில், இந்தக் கதை மறுபிரசுரமாகியிருக்கிறது! மாணவர்களுக்கான தொகுப்புகளில் இரண்டுமே அடிக்கடி வரும், உங்கள் புத்தகத்தில் இரண்டும் இருந்திருக்கலாம்.

பூக்களுக்கும் காரணம் உண்டு. 1982இல் மார்கோ கதையை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அரைமணி நேரப் படமாக எடுத்தார்கள். அதில்தான் முடிவை நீட்டி, பிள்ளைகள் அவளுக்குப் பூ கொடுப்பதாகக் காட்டினார்கள். எப்போதாவது பார்த்தீர்களா?

கேட்டவர்:
பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஒரு நாள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வீடியோ போட்டார்கள், நீங்கள் கேட்ட பிறகுதான் அந்த அறையே நினைவுக்கு வருகிறது. இரண்டு கதை, ஒரு படம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கதையாக வைத்திருந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி மகளுக்கு மார்கோ கதையை, பூ இல்லாத முடிவோடு, படித்துக் காட்டினேன். கதவு திறந்ததும், "அப்புறம்? மன்னிப்பு கேட்டாங்களா?" என்றாள். கதையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றேன். என்னிடமிருந்து வாங்கிக் கடைசிப் பத்தியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். இன்றைக்கு மார்ஜி.