பிழைச் செய்தியா, பழுதறிவிப்பா?

சாதனம் பழுதானால் கருனி (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் வரியைத் தமிழில் என்னவென்று சொல்வது? அண்ணன் 'பிழைச் செய்தி' என்றே வைத்துவிடலாம் என்கிறார். எனக்கு ஒட்டவில்லை. எங்கள் பக்கம் 'பிழை விட்டது யார்?' என்று கேட்டால் ஓர் ஆளைத் தேடுவார்கள். வன்தட்டு பழுதானதற்கு அதன் முன்னால் இருக்கிற பிள்ளை ஏன் முழிக்க வேண்டும்? பழுது சாதனத்தில், கண்டு சொல்வது கருனி. ஆகவே கருனி தன் பதிவேட்டில் எழுதும் வரிக்குப் 'பழுதறிவிப்பு'. செயலிக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணுக்கு (லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ளீடு வெளியீடு தோற்றால் 5) 'வழு எண்' போதும்.

போன ஜூன் மழையில், இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கக் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றினேன். சேமித்தாயிற்று என்றது செயலி. வீட்டில் திறந்தால் பாதிக்கு மேல் வெறுமை. மறுநாள் பதிவேட்டைப் பார்த்தால், கருனி அப்போதே எழுதி வைத்திருக்கிறது. யார் பார்த்தார்?

சேமி என்றதும் தரவு நினைவகத்தில்தான் நிற்கும். சாதனத்துக்குப் போவது பிறகு. பழுது தெரிவதும் அப்போதுதான். 'எழுதியாயிற்றா?' என்று எஃப்சிங்க் (தரவைச் சாதனத்தில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) வழியாகக் கேட்கிற செயலிக்குத்தான் பதில். முந்தைய லினக்ஸ், முதலில் கேட்டவருக்கு வழுவைச் சொல்லிக் குறிப்பை அழித்துவிடும். அடுத்தவருக்கு 'எல்லாம் சரி'. சாவுச் செய்தி சொல்லப் போனவர் முதல் லயத்தோடு (தோட்டத்து வரிசை வீடுகள்) திரும்பி வந்த கதை. 2017இல் வந்த லினக்ஸ் 4.13 பதிப்பு, கோப்பைத் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறது. அதுவும் ஒருமுறைதான். மறுபடி கேட்டால் சரி என்றே வரும். போய்ச் சேராத தரவு சேர்ந்ததாகப் பல கோப்பு முறைமைகளில் குறிக்கப்பட்டிருக்கும். 2018இல் இது தெரியவந்த பிறகு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எஃப்சிங்க் தோற்றால் திரும்ப முயலாமல் தானே விழுந்து, மாற்றங்களை முன்கூட்டி எழுதி வைக்கும் தன் பதிவிலிருந்து மீண்டெழும்படி மாற்றப்பட்டது.

சொன்னதும் மறைகிற இதற்கு அறிவிப்பு என்ற சொல் சரி. பழுது தீரும்வரை நிற்க வேண்டிய குறிப்புக்கு? தங்கச்சி 'முறைப்பாடு' என்று எழுதியிருந்தார். பொலிசுக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். ஆனால் புத்தகத்தில் ஏறிய முறைப்பாடு தீர்வு வரும்வரை அங்கேயே கிடக்கும். அந்த யோசனை நல்லது. நான் 'நிலுவை' என்பேன். சம்பள நிலுவை கேட்டுக் கேட்டே பழகிய எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

'நிலுவைப் பழுது' என்பதா, 'பழுது நிலுவை' என்பதா? எனக்கு முன்னதுதான் வாயில் வருகிறது. அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?