கியர் பக்கத்து அலுமினியப் பட்டையில் கீறல், வழி சொல்லுங்களேன்

வணக்கம். என்னுடையது 2012 ஆடி ஏ4. 2022இல் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) இன்னும் 10 வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதனால் வண்டியை விடுவதாக இல்லை.

கியரைச் சுற்றி, மெல்லிய கோடு கோடாக இழைத்த அலுமினியப் பட்டை. சாவிக்கொத்தைப் போட்டுப் போட்டு ஒரே கீறல். இரண்டு இடத்தில் நகம் தட்டுகிறது. மெட்டல் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அசிங்கமாக இருக்கிறது. சரி, ஸ்காட்ச் பிரைட் நாரால் கோடு போகும் திசையிலேயே தேய்க்கலாமா? அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சு போய்விட்டால் அப்புறம் வியர்வைக் கை பட்டே நிறம் மங்கிவிடுமோ என்று பயம்.

ஊபி, சின் மிங் கார் பட்டறைகள் பக்கம் இதைச் செய்பவர்கள் உண்டா? ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.