முரல் முள்ளின் பச்சையும் காமாலை மஞ்சளும்

முதுநகர் அத்தை:
ஞாயிற்றுக்கிழமை கடலூர் துறைமுகத்தில் முரல் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு துண்டைப் பிட்டதும் மருமகள் தட்டைத் தள்ளிவிட்டாள். முள் முழுக்கப் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. "கெட்டுப்போன மீன் அத்தை" என்கிறாள். முரலுக்கு முள்ளே அந்த நிறம்தான், தாராளமாகச் சாப்பிடலாம்.

அந்தப் பச்சைக்குப் பிலிவெர்டின் என்று பெயர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் வீட்டுக்காரருக்குக் காமாலை. டியூப்லைட் வெளிச்சத்தில் கண் மஞ்சளானது தெரியவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு என்று சொறிந்துகொண்டே இருந்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார், "சிறுநீர் டிக்காஷன் மாதிரி போகுது, வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா இருக்கு." பத்து நாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். அது என் தப்பு. ரத்தத்தில் பிலிருபின் 9.4 இருந்தது. 1.2-க்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். அது அழிந்ததும் அதிலிருக்கும் சாயம் முதலில் பச்சையாகும், அதுதான் பிலிவெர்டின். அப்புறம் மஞ்சளாகும், அது பிலிருபின். கல்லீரல் அதைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியா கைபட்டுத்தான் மலத்துக்குப் பழுப்பு நிறமே வருகிறது. இவருக்குப் பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. குடலுக்குச் சாயம் போகவில்லை, மலம் வெளுத்துவிட்டது. தேங்கிய சாயம் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரில் இறங்கியிருக்கிறது. வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். நாலாம் நாள் கக்கூஸிலிருந்து வந்தவர், "நிறம் வந்துடுச்சுடி!" என்று கூடத்தில் நின்று கத்தினார். சம்பந்தி வீட்டார் வேறு உட்கார்ந்திருந்தார்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
அக்கா, சிரித்துவிட்டேன். என் பையன் பிறந்த மூன்றாம் நாள் நெஞ்சு வரை மஞ்சள். மாமியார் காலை வெயிலில் காட்டு என்றார். டாக்டர் அது போதாது என்று கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் போட்டார். பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வேகம் வராதாம். அந்த வெளிச்சம் பட்டால் பிலிருபினின் அமைப்பு மாறி, கல்லீரல் அதைக் கரைகிற மாதிரி மாற்றித் தராமலே பித்தத்தோடு வெளியேறிவிடும். இரண்டு நாள் மலம் பச்சையாகவே போனான். பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டால், "போகட்டும்மா, அதுதான் இறங்குது" என்றார்.

பாகூர் தம்பி:
கபடியில் முட்டியில் அடிபட்டு இன்றோடு எட்டு நாள். கருநீலமாக இருந்தது ஓரத்தில் பச்சையாகி, இப்போது மஞ்சள். அத்தை சொன்ன அதே வரிசை. முரல் கிலோ என்ன விலை?